துப்பாக்கி விளையாட்டு தொழிலாகுமா?



மும்பையின் தாராவியிலோ சயான் கோலிவாடாவிலோ, பெங்களூரிலோ, சூரத்திலோ, டெல்லியிலோ குடியேறி வாழும் நம் குடும்பங்களில் இன்று ஒரு காட்சி பொதுவாகிவிட்டது. ஒற்றை அறை வீடு. ஒரு மூலையில் சுவரோடு சாய்ந்து, கைப்பேசியைக் குறுக்காகப் பிடித்தபடி, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மகன் அமர்ந்திருக்கிறான். "பீச்சே ஹை, பீச்சே ஹை" என்று கண்ணுக்குத் தெரியாத கூட்டாளிகளுக்கு இந்தியில் குரல் கொடுக்கிறான். தாய் அதட்டினால் அவனிடம் ஆயத்தமான பதில் ஒன்று உண்டு: "அம்மா, இது சும்மா விளையாட்டு இல்லை. இதிலே கோடிக்கணக்கில் சம்பாதிக்கிறாங்க."

அவன் சொல்வது பொய்யன்று. முழு உண்மையும் அன்று. துப்பாக்கிச் சூட்டு விளையாட்டுகளில் கொலைக் காட்சிகளைக் கண்டு பழகுவது பிள்ளைக்கு நல்லதா என்ற கேள்வி தனியே உண்டு; அதை ஒவ்வொரு குடும்பமும் தன் மனச்சாட்சியின்படி ஆராயட்டும். இக்கட்டுரை பிழைப்பைப் பற்றியது. விளையாடுவதையே தொழிலாக்கிக்கொண்ட ஒருவருடைய வாழ்க்கை எப்படித் தொடங்கியது, எதனால் நிலைத்தது, எத்தனை ஆண்டுகள் நீடித்தது என்பதை வரிசையாகப் பார்த்தால், பிள்ளையின் பதிலை எடைபோட நமக்கு ஓர் அளவுகோல் கிடைக்கும்.

அம்மனிதர் அமெரிக்கராகிய ஜொனாதன் வெண்டல். வேதாகமத்தில் யோனத்தான் என்று நாம் வாசிக்கும் பெயர்தான் அது. அந்த யோனத்தானும் வில்லாளி என்பது நினைவுக்கு வரலாம். இவரோ களத்தில் வேறொரு பெயரை வைத்துக்கொண்டார்: 'ஃபேட்டாலிட்டி'. சாவு என்று பொருள்படும் சொல். ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஓர் எழுத்தை நீக்கி, அவ்விடத்தில் 1 என்ற எண்ணை இட்டு எழுதுவார். பெற்ற தாய் எவளும் விரும்பி வைக்கும் பெயரன்று. ஆனால் அந்தப் பெயரே பிற்காலத்தில் அவருக்குச் சோறு போட்டது என்பதைப் பின்னால் காண்போம்.

டல்லாஸில் ஒரு பதினெட்டு வயது வாலிபர்

1981 பிப்ரவரி 26 அன்று பிறந்த ஜொனாதன், மிசோரி மாநிலத்தின் கான்சாஸ் சிட்டி வட்டாரத்தில் வளர்ந்தவர். மேசையை விட்டு எழும்பாத பிள்ளையென்று அவரை நினைத்துவிட வேண்டாம். பள்ளியில் டென்னிஸ் விளையாடியவர். கணினி விளையாட்டில் புகழ்பெற்ற பின்னும் ஓட்டப்பயிற்சியை விடாதவர்.

அவருக்கு முன்னரே ஒருவர் வழி திறந்திருந்தார். ஹாங்காங்கில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த டென்னிஸ் ஃபாங், 'திரெஷ்' என்ற பெயரில் விளையாடியவர். 'குவேக்' என்னும் துப்பாக்கி விளையாட்டின் போட்டியொன்றில் அவர் 1997-இல் வென்றார். அவருக்குக் கிடைத்த பரிசு, அந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான ஜான் கார்மாக் தாம் ஓட்டிவந்த சிவப்பு ஃபெராரி காரையே கொடுத்ததாகும். விளையாடியவனுக்கு ஃபெராரி கிடைத்தது என்ற செய்தி அக்காலத்து வாலிபர்களின் உள்ளத்தில் எப்படி இறங்கியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தச் செய்தியைக் கொண்டாடியவர்கள் அதிகம் பேசாத பகுதி ஒன்றுண்டு. ஃபாங் சில ஆண்டுகளுக்குள்ளாகவே போட்டிகளை விட்டு விலகித் தொழில்முனைவோரானார். விளையாடுவோர் ஒருவரோடொருவர் தொடர்புகொள்ள உதவும் 'எக்ஸ்ஃபயர்' என்ற மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார். 2006-இல் வயாகாம் நிறுவனம் அதை 10 கோடி டாலருக்கும் மேலான விலைக்கு வாங்கியது. காரைக் காட்டிலும் பன்மடங்கு பெரிய அந்தச் செல்வம் விளையாடி வந்ததன்று.

அதே 1997-இல் ஏஞ்சல் முனோஸ் என்பவர் டல்லாஸ் நகரில் ஒரு போட்டி அமைப்பைத் தொடங்கினார். சைபர் அத்லெட் புரொஃபெஷனல் லீக் என்று அதற்குப் பெயர், சுருக்கமாக சி.பி.எல். 1999 அக்டோபரில் அது நடத்திய போட்டிக்கு ஜொனாதன் வந்தார். அப்போது வயது 18. மூன்றாம் இடம் பெற்றார். பரிசு 4,000 டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 1,70,000 ரூபாய். உடனே ஒரு விளம்பரதாரர் கிடைத்தார். அவருடைய செலவில் சுவீடன் சென்று, அக்காலத்தின் முன்னணி ஆட்டக்காரர் பன்னிருவரோடு மோதினார். தொடர்ந்து 18 ஆட்டங்கள், ஒன்றில்கூடத் தோல்வியில்லை. 2000 ஏப்ரலில் மீண்டும் டல்லாஸில் முதலிடம், 40,000 டாலர். முதல் மேடையேறி ஆறு மாதங்களுக்குள் பத்து மடங்கு பரிசு!

இங்கேதான் நம் வாலிபர்கள் கதையை நிறுத்திவிடுகிறார்கள். உண்மையான பாடமோ இதற்குப் பின்னரே தொடங்குகிறது.

கடிகாரம் பார்க்காமல் காலம் அறிதல்

இவ்விளையாட்டை ஒருமுறையும் உற்றுப் பாராதவர்களுக்கு, அதில் அப்படியென்ன திறமை இருக்கிறது, குறிபார்த்து விசையை அழுத்துவதுதானே என்று தோன்றும். இருவர் நேருக்கு நேர் மோதும் 'குவேக் 3' ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அறைகளும் படிக்கட்டுகளும் சுரங்கப் பாதைகளும் நிறைந்த மூடிய கட்டடம் ஒன்றில் இருவர் மட்டுமே இருப்பார்கள். பத்து அல்லது பதினைந்து நிமிட நேரம். ஒருவர் மற்றவரை வீழ்த்தும்போது ஒரு புள்ளி. வீழ்ந்தவர் உடனே வேறோர் இடத்தில் எழும்புவார். ஆனால் எளிய ஆயுதங்களோடு மட்டும், கவசமின்றி எழும்புவார்.

கட்டடத்தின் சில குறிப்பிட்ட இடங்களில் கவசங்கள் கிடக்கும். ஒருவர் எடுத்துவிட்டால், சரியாக 25 விநாடிகள் கழித்து அதே இடத்தில் மீண்டும் தோன்றும். உடல் வலிமையை இரட்டிப்பாக்கும் 'மெகா ஹெல்த்' என்னும் பொருளோ 35 விநாடிகளுக்கு ஒருமுறை தோன்றும். இவையெல்லாம் எப்போது எங்கே தோன்றும் என்பதை ஆட்டக்காரர் மனக்கணக்காகவே வைத்திருக்க வேண்டும். ஓடிக்கொண்டும் சுட்டுக்கொண்டும் இருக்கும்போதே, மூன்று நான்கு பொருள்களின் நேரத்தைத் தனித்தனியே எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். கவசம் தோன்றும் கணத்தில் அங்கே நிற்பவனே அடுத்த அரை நிமிடத்திற்கு எஜமான். எதிரி அங்கே வந்தே தீரவேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும். ஆகவே தலைசிறந்த ஆட்டக்காரர் எதிரியைத் தேடி அலைவதில்லை. எதிரி வரவேண்டிய இடத்தில் காத்திருக்கிறார்.

காதுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. மேல்தளத்தில் எதிரி குதித்த ஓசை, படிக்கட்டில் ஓடிய காலடி, கவசத்தை எடுத்தபோது எழுந்த மெல்லிய ஒலி ஆகியவற்றைக் கேட்டே அவன் இருப்பிடத்தையும், அவன் எதை எடுத்தான் என்பதையும் கணிப்பார்கள். நல்ல ஹெட்போன் இல்லாத ஆட்டக்காரர் பாதிக் குருடர் என்றே சொல்லலாம்.

இந்தத் திறமை உண்மையானது, கடினமானது, சதுரங்கத்தையும் டென்னிஸையும் ஒன்றாய்ச் சேர்த்ததுபோன்றது. அதனால்தான் ஜொனாதன் நாளொன்றுக்கு எட்டு மணி நேரமும் அதற்கு மேலும் பயிற்சி செய்தார். அதை வேலையென்றே நடத்தினார். பொழுதுபோக்காக எட்டு மணி நேரம் விளையாடுகிறவர்கள் உலகில் இலட்சக்கணக்கானோர் உண்டு. ஒரே மூலையில் ஒரே திருப்பத்தை நூறுமுறை பழகுகிறவர்கள் மிகச் சிலரே.

காலடியில் மாறும் நிலம்

இனி இத்தொழிலின் ஆணிவேரான ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். கிரிக்கெட் யாருக்கும் சொந்தமன்று. மட்டையும் பந்தும் வாங்கினால் தெருவில் எவரும் ஆடலாம். சச்சின் தெண்டுல்கர் 1989-இல் ஆடத் தொடங்கிய ஆட்டமும் 2013-இல் ஓய்வுபெற்றபோது ஆடிய ஆட்டமும் அடிப்படையில் ஒன்றே. கணினி விளையாட்டு அப்படியன்று. அது ஒரு நிறுவனத்தின் உடைமை. அந்நிறுவனம் விதியை மாற்றலாம், புதிய பதிப்பைக் கொண்டுவரலாம், பழையதைக் கைவிடலாம். போட்டி நடத்துகிறவரும் கூட்டமும் விளம்பரதாரரும் வேறொன்றை விரும்பினால், இவ்வாண்டு ஆடும் விளையாட்டு அடுத்த ஆண்டு மேடையில் இராது. பல்லாண்டுகள் உழைத்துக் கற்ற திறமையின் பெரும்பகுதி அதோடு போய்விடும். குத்தகை நிலத்தில் தென்னை வைத்தவனுடைய நிலைமை அது.

ஜொனாதனின் பெருமை இங்கேதான் விளங்குகிறது. குவேக் 3-இல் உச்சியில் இருந்தவர், 2001-இல் 'ஏலியன்ஸ் வெர்சஸ் பிரிடேட்டர் 2' என்ற வேறொரு விளையாட்டில் வென்று காரைப் பரிசாகப் பெற்றார். 2002-இல் 'அன்ரியல் டோர்னமென்ட் 2003' என்ற மூன்றாவது விளையாட்டில் வென்றார். 2004 ஆகஸ்டில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். 'டூம் 3' என்ற விளையாட்டு அம்மாதம் 3-ஆம் தேதிதான் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. டெக்சாஸ் மாநிலத்தில் நடைபெற்ற குவேக்கான் விழாவில் அதற்கான போட்டி அதே மாதத்தின் நடுவிலேயே நடந்துவிட்டது. யாருக்கும் முன்அனுபவம் இல்லாத விளையாட்டு. இரு வாரத்திற்கும் குறைந்த அவகாசம். அதிலும் அவரே முதலிடம்; 25,000 டாலர்.

ஒரு விளையாட்டில் சிறந்தவர்கள் பலர் இருந்தார்கள். ஆனால் புதிய விளையாட்டு வந்தபோது பழையதை மறக்கவும், மாணவனைப்போல முதல் வகுப்பிலிருந்து தொடங்கவும் ஆயத்தமாயிருந்தவர்கள் குறைவு. என் எண்ணத்தில், அவருடைய விரல்களின் வேகத்தைவிட இந்த மனப்பான்மையே அவரைத் தனித்துக் காட்டுகிறது.

நியூயார்க், 2005 நவம்பர்

2005-இல் சி.பி.எல். அமைப்பு ஓர் உலகச் சுற்றுப்பயணத்தை அறிவித்தது. மொத்தப் பரிசு பத்து இலட்சம் டாலர். அதில் பாதி வழியிலுள்ள நகரங்களுக்கு. மீதிப் பாதி நியூயார்க்கில் நடக்கும் இறுதிப் போட்டிக்கு. இஸ்தான்புல், பார்சலோனா, ரியோ, சிங்கப்பூர் எனக் கண்டம் விட்டுக் கண்டம் சென்ற பயணம் அது. அதற்குத் தெரிந்தெடுக்கப்பட்ட விளையாட்டு 'பெயின்கில்லர்'. போலந்து நாட்டின் சிறு நிறுவனமொன்று உருவாக்கி, அதற்கு முந்தைய ஆண்டில்தான் வெளியானது. ஜொனாதனுக்கு இது ஐந்தாவது களம்.

இம்முறை வெற்றி எளிதில் வரவில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த சாண்டர் காஸ்யாகர் என்னும் வாலிபர், 'வூ' என்ற பெயரில் விளையாடியவர், நகரத்துக்கு நகரம் ஜொனாதனை முந்தினார். பயணம் முழுவதையும் கணக்கிட்டால் அவரே முன்னணியில் நின்றார். அமெரிக்கரின் காலம் முடிந்தது என்றே பலரும் எண்ணினர்.

நவம்பரில் டைம்ஸ் சதுக்கத்திலுள்ள நோக்கியா அரங்கில் இறுதிப் போட்டி. எம்.டி.வி. அதை ஒளிபரப்பியது. இறுதியில் எதிரெதிரே அமர்ந்தவர்கள் அதே இருவர். ஜொனாதன் வென்றார். முதற்பரிசு 1,50,000 டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 68 இலட்சம் ரூபாய். ஆண்டு முழுவதும் அதிகமாக வென்ற வூவுக்கு 1,00,000 டாலர். ஒரே மாலையில் ஓராண்டு உழைப்பின் வரிசை தலைகீழானது. இதில் அநியாயம் ஒன்றுமில்லை, விதியே அப்படி. ஆனால் மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்திப் பழகிய நம்மைப் போன்றவர்களுக்கு இத்தகைய வருமானத்தின் தன்மை சற்று நடுக்கத்தைத் தரும்.

அடுத்த ஜனவரியில் அமெரிக்காவின் புகழ்பெற்ற '60 மினிட்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஜொனாதனைப் பற்றிய பகுதி வந்தது. அவருடைய வயது அப்போது 24. பெரிய வெற்றிகள் அத்துடன் முடிந்தன. பெயின்கில்லருக்கும் அப்படியொரு சுற்றுப்பயணம் பின்பு அமையவில்லை. 2007-இல் இத்துறையின் வாழ்நாள் சாதனை விருதைப் பெற்றார். 26 வயதில் வாழ்நாள் சாதனை விருது! அதை வியப்பதா, வருந்துவதா என்று எனக்கு விளங்கவில்லை. அவரை வளர்த்த சி.பி.எல். அமைப்பே 2008-இல் தன் போட்டிகளை நிறுத்திக்கொண்டது.

பெயரை முதலாக்கியவர்

போட்டிகளில் அவர் பெற்ற பரிசுகள் அனைத்தையும் கூட்டினால் ஏறத்தாழ நாலரை இலட்சம் டாலர் வரும். ஏழெட்டு ஆண்டுகளுக்குப் பகிர்ந்து, பயணச் செலவையும் வரியையும் கழித்தால், அமெரிக்காவில் ஒரு நல்ல மென்பொருள் பொறியாளர் பெறும் சம்பளத்தை அது வெகுவாக மிஞ்சாது. உலகின் முதல்வருக்கே இவ்வளவுதான் என்றால், இருபதாம் இடத்திலும் ஐம்பதாம் இடத்திலும் இருந்தவர்களின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

இதை ஜொனாதன் மிக முன்னதாகவே உணர்ந்துகொண்டார். உச்சத்தில் இருந்தபோதே ஃபேட்டாலிட்டி என்ற தம் பெயரை வணிகச் சின்னமாக்கி ஒரு நிறுவனம் தொடங்கினார். ஏபிட் நிறுவனம் அப்பெயரில் மதர்போர்டு விற்றது. சிங்கப்பூரைச் சேர்ந்த கிரியேட்டிவ் நிறுவனம் 2005-இல் அப்பெயர் தாங்கிய சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டையை வெளியிட்டது. காலடி ஓசையைக் கேட்டே வென்றவருடைய பெயரை ஒலிக்கருவிக்கு இட்டது பொருத்தமே. பின்னர் வேறு நிறுவனங்களின் மின்வழங்கிகள், குளிர்விப்பான்கள், ஹெட்போன்கள் எனப் பட்டியல் நீண்டது. ஏபிட் 2008 இறுதியில் மூடப்பட்டது; ஆஸ்ராக் என்ற வேறொரு நிறுவனம் அப்பெயரில் மதர்போர்டுகளைத் தொடர்ந்தது. அக்காலத்தில் லாமிங்டன் சாலையிலோ எஸ்.பி. சாலையிலோ ரிச்சி தெருவிலோ கணினி உதிரிப்பாகம் வாங்கியவர்கள் சிலர், சிவப்பு எழுத்தில் அந்தப் பெயரைப் பெட்டியின்மேல் பார்த்திருக்கக்கூடும். அது ஒரு மனிதருடைய பெயரென்று அறியாமலேயே வாங்கியிருப்பார்கள்.

விளையாட்டு மாறினாலும், அமைப்பு மூடினாலும், பொருள் செய்யும் நிறுவனம் மாறினாலும் பெயர் அவருடையதாகவே இருந்தது. குத்தகை நிலத்தில் உழுதவர், விளைச்சலைக் கொண்டு சொந்த நிலம் வாங்கிவிட்டார்.

அடுத்த தலைமுறை

ஜொனாதன் காலத்தில் தனி ஆளாய் மோதும் ஆட்டங்கள் மேடையில் முதன்மையாயிருந்தன. பின்னர் ஐவர் ஐவராய் மோதும் 'கவுண்டர் ஸ்ட்ரைக்' அந்த இடத்தைப் பிடித்தது. 1999-இல் இரண்டு இளைஞர்கள் இன்னொரு விளையாட்டை மாற்றியமைத்து உருவாக்கியது அது. பின் வால்வ் நிறுவனத்தின் உடைமையாயிற்று. அணிகள், மாதச் சம்பளம், பயிற்சியாளர், ஒப்பந்தம் ஆகியவை இத்தொழிலில் ஊன்றின. இறுதிப் போட்டிகள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் என்பதையும் நம் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது.

இதில் தலைசிறந்தவர் என்று பலரும் கருதுகிறவர் உக்ரைனின் ஒலெக்சாந்தர் கொஸ்திலியெவ். 1997-இல் பிறந்தவர், 'சிம்பிள்' என்பது ஆட்டப்பெயர். 2021 நவம்பரில் ஸ்டாக்ஹோம் நகரில் நடந்த மேஜர் போட்டியில் அவருடைய நாவி அணி ஒரு மேப்பைக்கூட இழக்காமல் வென்றது. அணிக்குப் பரிசு பத்து இலட்சம் டாலர். அந்த ஐவரில் இருவர் உக்ரைனியர், மூவர் ரஷ்யர்.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் புகுந்தன. மறுநாள் அவ்வணி போலந்தின் கத்தோவிட்சே நகரில் ஒரு பெரும்போட்டியின் மேடையில் இருந்தது. கொஸ்திலியெவ் ஒலிவாங்கியைப் பிடித்து, தம்முடன் ஆடும் ரஷ்யர்கள் நல்லவர்கள் என்றும், எல்லாரும் சமாதானத்தை நாட வேண்டும் என்றும், முதலாவது நாம் மனிதராயிருக்க வேண்டும் என்றும் பேசினார். திரையில் துப்பாக்கி பிடித்துப் புகழ்பெற்றவர், மெய்யான துப்பாக்கிகள் தம் தாயகத்தில் வெடித்த மறுநாள் பேசிய பேச்சு அது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அந்த அணி அதே வடிவில் நெடுநாள் நீடிக்கவில்லை.

2023 செப்டம்பரில் வால்வ் நிறுவனம் பழைய பதிப்பை விலக்கி 'கவுண்டர் ஸ்ட்ரைக் 2' என்ற புதிய பதிப்பைக் கொண்டுவந்தது. அடுத்த மாதமே கொஸ்திலியெவ் அணியின் ஆட்டத்திலிருந்து ஒதுங்கினார். அப்போது வயது 26. 2024 மார்ச்சில் கோப்பன்ஹேகனில் நாவி அணி அவரின்றியே மேஜர் பட்டத்தை வென்றது. அவர் பின்னர் வேறு அணிகளில் இரவல் ஆட்டக்காரராகத் தோன்றினார். காலடி நிலம் மாறும் கதை பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின்னும் மாறவில்லை.

இத்தொழிலின் சோதனைகளையும் மறைக்கக்கூடாது. 2014-இல் ஓர் அமெரிக்க அணியினர் பந்தய ஆதாயத்திற்காக வேண்டுமென்றே தோற்றனர். 2015 ஜனவரியில் அது வெளிப்பட்டபோது வால்வ் அவர்களைத் தடைசெய்தது. அதே 2015-இல், ஆட்டக்காரர்கள் சிலர் கவனத்தைக் கூர்மையாக்கும் மருந்துகளை உட்கொள்கிறார்கள் என்ற பேச்சு எழுந்தபின், மருந்துச் சோதனை தொடங்கியது. நம் நாட்டுப் பெயரும் ஒருமுறை அடிபட்டது. 2018 அக்டோபரில் ஷாங்காய் போட்டியில் இந்திய அணியொன்றின் ஆட்டக்காரர், தாமாகவே குறிபார்க்க உதவும் கள்ள மென்பொருளைக் கணினியில் வைத்திருந்து, ஆட்டத்தின் நடுவிலேயே பிடிபட்டார். கடிதம் எழுதும் மென்பொருளின் பெயரை அதற்கு இட்டு மறைத்திருந்தார். அணி முழுவதும் வெளியேற்றப்பட்டது. நிர்வாகம் அணியையே கலைத்தது. குற்றமறியாத மற்ற நால்வரும் அன்று வேலையிழந்தனர்.

நம் வீட்டுக் கைப்பேசியில்

நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் கணினி இல்லை, கைப்பேசியே களம். 'பப்ஜி மொபைல்' என்ற விளையாட்டு இங்கே வாலிபரைப் பிடித்துக்கொண்டது. அதில் அணிகள் தோன்றின, சம்பளம் வந்தது, பெற்றோரும் ஒருவாறு ஒத்துக்கொள்ளத் தொடங்கினர். 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு 118 செயலிகளைத் தடைசெய்தது. பப்ஜி அதில் ஒன்று. 2021 ஜூலையில் 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்ற பெயரில் அது திரும்பிவந்தது. அவ்வாண்டே ஒரு கோடி ரூபாய் மொத்தப் பரிசுடன் போட்டித்தொடரும் தொடங்கியது. 2022 ஜூலை 28 அன்று அதுவும் நீக்கப்பட்டது. 2023 மே மாத இறுதியில் மீண்டும் அனுமதி. மூன்று ஆண்டுகளில் இருமுறை தொழில் நின்றது. இருமுறையும் ஆட்டக்காரருடைய பிழையால் அன்று. பிள்ளை "கோடிக்கணக்கில்" என்று சொல்லும்போது இந்தத் தேதிகளையும் அவனிடம் கேட்டுப் பாருங்கள். உண்மையாகவே ஆர்வமுள்ளவனுக்கு அவை மனப்பாடமாயிருக்கும்.

மறுபுறம், இத்துறைக்கு மதிப்பும் கூடியிருக்கிறது. 2022 டிசம்பரில் மத்திய அரசு இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டு அமைச்சகத்தின் பொறுப்பில் வைத்தது. 2023-இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் அது பதக்கத்துக்குரிய பிரிவாயிற்று. அங்கே பப்ஜியை ஆடிய விதம் நம் வாசகர்களுக்கு வியப்பளிக்கும். ஒருவரையொருவர் சுடுவதை நீக்கிவிட்டு, வழியில் அமைத்த இலக்குகளைச் சுட்டுக்கொண்டு முன்னேறும் ஓட்டப்பந்தயமாக அதை மாற்றியமைத்திருந்தார்கள்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணையவழி விளையாட்டுகளுக்கான சட்டமொன்றை நிறைவேற்றியது. பணம் கட்டிப் பணம் எடுக்கும் ஆட்டங்களை, ரம்மி உட்பட, அது தடைசெய்கிறது; திறமையை மட்டும் அளக்கும் இ-ஸ்போர்ட்ஸை முறையான விளையாட்டாக அங்கீகரிக்கிறது. ஆகவே, பிள்ளை விளையாடுகிறான் என்று பொதுவாய்ச் சொல்வது போதாது. அவன் பணம் கட்டுகிறானா, அல்லது போட்டியில் பெயர் கொடுத்து ஆடுகிறானா என்று பிரித்தறிய வேண்டும். முன்னது சட்டத்தின் கண்ணில் சூது.

அவனுக்கு மெய்யாகவே திறமையிருந்து, ஓர் அணியிலிருந்து அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. எனவே தாளை எடுத்துக்கொண்டு வருகிறவர் உங்களிடம்தான் வரவேண்டும். வந்தால் அவரை மரியாதையாய் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, சிலவற்றைக் கேளுங்கள். பரிசுத்தொகை யாருடைய கணக்கில் ஏறும்? பிள்ளைக்கு எத்தனை நாளில், எந்தப் பங்கு வந்துசேரும்? விளையாட்டைத் திடீரென்று நிறுத்திவிட்டால் அந்த மாதங்களுக்குச் சம்பளம் உண்டா? அவன் பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ எழுதும் மாதத்தில் விடுப்பு கொடுப்பீர்களா? அவன் பெயரையும் முகத்தையும் விளம்பரத்தில் பயன்படுத்தும் உரிமை, அவன் அணியை விட்டு வந்தபின் யாருக்குச் சொந்தம்? கடைசிக் கேள்விக்கு வாய்மொழியாய்ப் பதில் வேண்டாம்; தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.